சத்தம் போடாத பெட்டி

ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால்கூட அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அக்காவுக்கு இருந்த பெரிய கஷ்டம் அதுதான். தம்பியிடம் அவள் பேசி மூன்று வருடம் ஆகிறது. அவனைத் திட்டுவதற்கு மட்டும் தினமும் புதிதாக ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது.

இருவரும் இருந்தது ஒரே வீட்டில். அம்மா இருந்தவரை அது மூன்றாம் மாடியில் ஒரு கூடமும் இரண்டு அறையுமாக இருந்த சாதாரண வீடு. அம்மா போன இரண்டாம் மாதம் தம்பி ஓர் ஆளைக் கூட்டிவந்து கூடத்தை நடுவில் மறித்து ஜிப்சம் பலகை வைத்து அடைத்துவிட்டான். வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன நடை, அதில் எதிரெதிராக இரண்டு கதவு. தெருப்பக்கம் அவளுக்கு, பின்பக்கம் அவனுக்கு. நடுவில் நின்றதைச் சுவர் என்று சொன்னால் நிஜச் சுவருக்குக் கோபம் வரும். அந்தப் பக்கம் அவன் டம்ளரைக் கீழே வைத்தால் இந்தப் பக்கம் இவளுக்குத் தெரியும்.

டம்ளர் போகட்டும். அவனுடைய கம்ப்யூட்டர்தான் அவள் உயிரை வாங்கியது. மூடப்போகும் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அவன் தூக்கிவந்த பழைய பெட்டி அது. பக்கவாட்டு மூடி கிடையாது. உள்ளே நான்கு ஃபேன்கள், நான்கும் நான்கு விதமாகக் கத்தும். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் இரண்டு மணிக்கு வருவான், வந்ததும் அதைப் போடுவான். முதலில் கேம், அப்புறம் பெரிய டிவியில் இணைத்து சினிமா. மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மில்லுக்காவது வாரம் ஒருநாள் லீவு என்று அக்கா பல்லைக் கடிப்பாள்.

அவள் வயிற்றுப்பிழைப்பே சத்தமில்லாத அறையை நம்பித்தான் இருந்தது. எங்கேயாவது போன் செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும். 'எண் ஒன்றை அழுத்தவும்', 'தயவுசெய்து இணைப்பிலேயே இருக்கவும்', இதெல்லாம் அவள்தான். கட்டடத்தில் அவளுக்குப் போன்காரம்மா என்றே பெயர். முன்பெல்லாம் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று சமீபத்தில் கம்பெனி கூடத்தை மூடிவிட்டு, அவரவர் வீட்டிலேயே பதிந்து அனுப்புங்கள் என்று கைகழுவிவிட்டது. காலையில் பதிய முடியாது. எதிரே தகரம் வெட்டும் பட்டறை இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பட்டறை ஓயும். சரியாக அதே இரண்டு மணிக்கு இவன் ஆரம்பிப்பான்.

இப்போது ஒரு பெரிய மருத்துவமனைக்கு நாற்பது வரி பேசும் வேலை வந்திருந்தது. இரண்டு தடவை அனுப்பினாள். இரண்டு தடவையும் 'பின்னணியில் தொடர்ந்து இரைச்சல்' என்று திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். இன்னும் பதினைந்து நாளில் சுத்தமான பதிவு வராவிட்டால் இந்த வேலையை மட்டுமல்ல, இனி எல்லா வேலையையும் இயந்திரக் குரலிடம் கொடுத்துவிடப் போகிறார்களாம். இயந்திரத்துக்குத் தம்பி கிடையாதே, அதற்கென்ன, நிம்மதியாகப் பேசும்!

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா நேராக நடைக்குப் போய் எதிர்க்கதவைத் தட்டினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை.

கதவைத் திறந்தவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "சொல்லுங்க" என்றான்.

அந்த 'ங்க' அவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து வாடி போடி என்றே வளர்ந்தவன். அம்மா போன அன்றிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அதைவிடக் கெட்ட வார்த்தை எதையும் அவன் கண்டுபிடித்திருக்க முடியாது.

"உன் பெட்டி போடற சத்தத்துல என் வேலை போகப்போகுது. அதை நிறுத்து."

"இது என் வீடு, என் பெட்டி. உங்களுக்குச் சத்தம் பிடிக்கலைன்னா, சத்தம் போடாத பெட்டியா ஒண்ணு வாங்கிக் குடுங்க. பழசைத் தூக்கிப் போட்டுடறேன்."

முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டால் போய்விடுவாள் என்று நினைத்தான். அக்கா போகவில்லை. "சரி" என்றாள்.

கதவை மூடப்போன தம்பி நின்றான். "கேம் நல்லா ஓடணும். படம் திக்கித் திணறாம வரணும். இல்லேன்னா மறுபடி பழசைத்தான் போடுவேன்" என்றான்.

"ஒவ்வொரு பாகமும் நான்தான் தேர்ந்தெடுப்பேன். அது வேணும் இது வேணும்னு நீ வாயைத் திறக்கக் கூடாது."

அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கையெழுத்தும் வாங்கினாள். வருடக்கணக்காக அலுவலக அறிவிப்புகளைப் படித்துப் படித்து அவளுக்கும் அந்த நடை கைவந்திருந்தது. 'மதியம் இரண்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை, சுவருக்கு இரண்டு பக்கமும் இயந்திரச் சத்தம் கேட்கலாகாது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்தப் பக்கத்தார் அன்றைக்கே அதை நிறுத்திவிட வேண்டும்.' தம்பி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஒரு பிரதி தனக்கும் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

இவர்கள் சண்டைக்கு என்ன காரணம் என்று யாரைக் கேட்டாலும் சொத்து என்பார்கள். அக்காவைக் கேட்டால் சத்தம் என்பாள். உண்மையில் அது ஒரு போன் விஷயம். அம்மாவுக்கு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று தம்பி அவளைப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறான். அவள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தாள். அங்கே போனை ஊமையாக்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதுதான் விதி. அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவன் சொன்னான்: "ஊருக்கெல்லாம் உங்கள் அழைப்பு முக்கியம்னு சொல்றவங்க, வீட்டு அழைப்பை எடுக்க மாட்டாங்க." அதை அவள் மன்னிக்கவில்லை. விதி என்றால் விதி, பெட்டகத்துக்குள் இருக்கும் போன் யாருக்குக் கேட்கும் என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லாமல் விட்ட ஒன்றும் அவளிடம் இருந்தது. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

கம்ப்யூட்டர் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரருக்குத் திருகாணி என்று பெயர். எப்போதும் உதட்டில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டு அதன் வழியாகவே பேசுவார். வாடிக்கையாளர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வாங்க வந்தவர்களை ஏதோ கடன் கேட்டு வந்தவர்களைப் போலப் பார்ப்பார்.

"சத்தமே வரக் கூடாது. ஆனா அதிகம் செலவு பண்ண முடியாது. கேம் ஓடணும், படம் பாக்கணும்" என்றாள் அக்கா.

"எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. யாருக்கு?"

"எனக்குப் பிடிக்காத ஒருத்தனுக்கு."

திருகாணி உதட்டிலிருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்துவிட்டது.

"இருக்கறதுலயே மட்டமான கிராஃபிக்ஸ் கார்டு எது? அதைக் காட்டுங்க."

"மட்டமான கார்டு முக்கி முனகிக்கிட்டுத்தான் ஓடும். முனகறதுதாம்மா சத்தம். உங்க ஆள் விளையாடற கேமுக்கு எவ்வளவு வேணுமோ, அதுக்கு மேல ஒரு படி பெரிசா எடுக்கணும். அப்ப அது பாதி பலத்துல சும்மா உட்கார்ந்திருக்கும். சூடு ஏறாது. சூடு ஏறலேன்னா ஃபேன் எதுக்குச் சுத்தணும்?"

"அப்ப நான் அவனுக்கு நல்லதாப் பார்த்து வாங்கிக் குடுக்கணுமா?"

"சத்தம் வேண்டாம்னா வேற வழி இல்ல."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள் கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றி விடாமல் படித்தாள், தனக்குத் தெரியாத ஏதாவது குறுக்கு வழி இருக்கும் என்று. இல்லை. பவர் சப்ளை நானூற்றைம்பது வாட் போதும், ஆனால் அறுநூற்றைம்பது வாங்கினால் பாதிச் சுமைக்குக் கீழே அதன் ஃபேன் சுற்றவே சுற்றாதாம். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும், பெரிய ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றும், அதனால் பெரியதாக மூன்று. பிராசசருக்குக் கூடவே வரும் குட்டி ஃபேனைத் தூக்கி எறிந்துவிட்டு, சூட்டை உறிஞ்சச் செங்கல் அளவுக்கு ஒரு ஹீட் சிங்க். சுழலும் ஹார்டு டிஸ்க் கரகரக்கும், ஆகவே சுழலாத எஸ்எஸ்டி. எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குத்தான் யோகம். தன்னுடைய அமைதியை வாங்கப் போனால், கடைக்காரன் அதை அவனுடைய சுகத்தோடு சேர்த்துத்தான் பொட்டலம் கட்டுகிறான்.

கையைக் கடிக்காமல் முடிக்க வேண்டும், அதற்கும் அவளே வழி கண்டாள். கார்டு போன வருடத்து மாடல், பிராசசர் நடுத்தரம், மதர்போர்டில் தேவையில்லாத எதுவும் கிடையாது, தண்ணீர் வைத்துக் குளிரவைக்கும் ஆடம்பரமும் கிடையாது. மிச்சம் பிடித்ததை எல்லாம் ஹீட் சிங்கிலும் பவர் சப்ளையிலும் போட்டாள். மூன்றாம் நாள் பட்டியலைத் திருகாணியிடம் நீட்டியபோது அவர் அதை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

அவர் பாராட்டவில்லை, அது அவருக்கு வராது. ஒரே ஓர் இடத்தில் விரலை வைத்தார். "கேபினெட்ல கலர் விளக்கு வேண்டாம்னு போட்டிருக்கீங்க. இதே விலைக்கு விளக்கோடவே வருதே. விளக்கு சத்தம் போடாதும்மா."

"அவனுக்குப் பிடிக்கும். வேண்டாம்."

கண்ணாடிக் கதவு வைத்த அழகான பெட்டியையும் அதே காரணத்துக்காக ஒதுக்கினாள். கடைசியில் அழுது வடிந்த ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. அதைப் பார்த்தபோதுதான் அவள் மனசு கொஞ்சம் ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அட்டைப்பெட்டிகளை எல்லாம் அவன் அறைத் தரையில் கொண்டுபோய்ப் போட்டாள். கூலி கொடுத்து மாட்டச் சொல்ல அவளுக்கு மனமில்லை. மெக்கானிக்தானே, மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் எதையாவது மாற்றிவிடுவானோ என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தாள். அம்மாவின் அலமாரி அந்த அறையில் இருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

தம்பி வேலையை ஆரம்பித்தான். ஹீட் சிங்கின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மறக்காமல் உரித்தான். ஒவ்வொரு ஃபேனையும் விரலால் சுழற்றி, எதிரே ஒரு நூலைப் பிடித்து, அது காற்றை எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்த்துப் பார்த்து மாட்டினான். பவர் சப்ளையை எடுத்தவன் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இவ்வளவு நல்லது எதுக்கு?"

"உனக்கில்ல. என் காதுக்கு."

"விளக்கு இல்லையா?"

"இல்ல."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "தெரியும்" என்றான்.

பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அக்கா நினைத்தாள். அவன் பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். டிவியில் படம் வந்தது. அறையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பெரிய கேம் ஒன்றைப் போட்டு ஒரு மணிநேரம் அவன் சுட்டுத்தள்ளினான், ஹெட்போனை மாட்டிக்கொண்டு. அக்கா தன் பக்கத்தில் போய்ச் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள். எதுவுமில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது மட்டும்தான் குறை.

திங்களும் செவ்வாயும் நாற்பது வரியையும் ஒழுங்காகப் பேசிப் பதிந்தாள். தொண்டை அன்றைக்கென்று நன்றாக ஒத்துழைத்தது. 'அவசர சிகிச்சைக்கு எண் இரண்டை அழுத்தவும்' என்பதைப் பதற்றமில்லாமல் சொல்வது எப்படியென்று அவளைத்தான் கேட்க வேண்டும். அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் பதில் வந்தது. 'இரைச்சல் அப்படியே இருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் ஒப்பந்தம் முடிவுக்கு வரும்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்ததும் உடம்பு நேரானது. எதிர்க்கதவைக் கையால் தட்டவில்லை, அறைந்தாள்.

"பழசை ஒளிச்சு வச்சு ஓட்டறியா? என் காசுல புதுசை வாங்கிக்கிட்டு எனக்கே குழி பறிக்கறியா? வெட்கமா இல்ல?"

தம்பி வேலைச் சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கையில் கிரீஸ். கதவை அகலமாகத் திறந்து காட்டினான். புதுப் பெட்டி அணைந்து கிடந்தது. பழையதன் எலும்புக்கூடு மூலையில் ஒயரெல்லாம் பிடுங்கிப் போட்டுக் கிடந்தது.

"திங்களும் செவ்வாயும் இருபது மாடிக் கட்டடத்துல லிஃப்ட் கயிறு மாத்தற வேலை. நான் வந்ததே ஏழு மணிக்கு. எந்தப் பெட்டியை யார் ஓட்டினது?"

"அப்ப அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?"

அவன் கருவிப்பெட்டியிலிருந்து நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான். மூன்று வருடமாகக் கால்வைக்காத அவள் அறைக்குள், கேட்காமல் கொள்ளாமல் நுழைந்தான். அவள் மேஜைக்கு அடியில் குனிந்தான். அங்கே அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டான். மோட்டார் அறையில் எந்த பேரிங் போயிற்றென்று அவன் இப்படித்தான் கண்டுபிடிப்பான்.

"வாங்க. கேளுங்க."

அக்கா குனிந்து காதை வைத்தாள். உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு முனகல். சீராக, விடாமல்.

"ஃபேன் பேரிங் போச்சு. இன்னிக்கு நேத்திக்கு இல்ல, ரொம்ப நாளா இப்படித்தான் ஓடுது. நீங்க ஆறு வருஷமா இது பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, உங்க காதுக்குப் பழகிப்போச்சு. மைக்குக்குப் பழகலை."

சத்தத்தைத் தேடி அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும் இது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதை அணைக்கிற நேரமெல்லாம் அவள் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிற நேரம். அவன் பெட்டி கத்தியதும் பொய்யில்லை. ஆனால் அது போன பிறகும் மிச்சமிருந்தது இவளுடையது. சேர்த்துவைத்த பணத்தைக் கொட்டி, படித்துப் படித்துத் தேர்ந்தெடுத்து, ஊரிலேயே அமைதியான ஒரு பெட்டியைச் சுவருக்குத் தப்பான பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"புதுசு வந்த அன்னிக்கே. என் பக்கம் அடங்கினதும் உங்க பக்கம் கேக்க ஆரம்பிச்சுடுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்களைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் உண்டா?"

அப்புறம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அவள் எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினான். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்தப் பக்கத்தார் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். படித்து முடித்துவிட்டு அவள் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

திருகாணிக்குப் போன் செய்தாள். அவ்வளவு பழைய மாடலுக்குத் தோதான ஃபேன் தேடிப்பிடிக்க இரண்டு நாளாகும், நேற்றே கேட்டிருக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தார். செல்போனில் பதிந்த குரலைக் கம்பெனி தொடாது. அன்று ராத்திரி முழுக்க அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மைக்கை மாட்டிப் பதியச் சத்தமில்லாத கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். அவளுக்குத் தெரிந்து அப்படி ஒன்று ஒரே இடத்தில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மைக்கையும் தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்க்கதவின் முன்னால் நின்றாள். அந்த நாலடி நடையைக் கடப்பதற்கு அவள் என்ன பாடுபட்டாள் என்பதை எழுதி முடியாது. கதவு திறந்தது.

"உன் பெட்டியில பதியணும். மூணு மணிநேரம்" என்றாள்.

"உங்க காசுல வாங்கினதுதானே. வாங்க." அவன் வழிவிட்டான். "ஆனா நான் வெளிய போக மாட்டேன். இது என் வீடு. இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்."

"மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

"கேக்காது."

அவன் கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான். அவள் மைக்கை மாட்டினாள். காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா கேட்டாள். இவ்வளவு சுத்தமான மௌனத்தை அவள் பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில்கூடக் கேட்டதில்லை. ஒவ்வொரு பாகமும் அவள் பொறுக்கியெடுத்தது. பெருமைப்படக்கூட முடியவில்லை.

வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நன்றாகவே போயின. முப்பதாவது வரை ஒரு தடங்கலும் இல்லை. முப்பத்தொன்றில் அவள் நின்றாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்.' ஆயிரம் தடவை சொன்ன வரி. வாயைத் திறந்தாள், முதல் வார்த்தையிலேயே தடுமாறினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். 'அழைப்பு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

"அதைச் சுவர் வழியா நீங்க சொல்லும்போது ஒழுங்காத்தான் வருது" என்றான் தம்பி பின்னாலிருந்து. "திங்கக்கிழமை கேட்டேன். நான் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தீங்க. பழைய பெட்டி இருந்தவரைக்கும் எனக்கு அந்தத் தொல்லை இல்ல. அது கத்தற கத்துல உங்க குரல் கேக்காது. அதுக்காகத்தான் அதைக் கட்டிக்கிட்டு அழுதேன். இல்லேன்னா ஒரு மெக்கானிக்குக்கு நாலு ஃபேனைச் சரிபண்ணத் தெரியாதா?"

அவள் திரும்பவில்லை. திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, பதிவை அவள் நிறுத்தியிருக்கவில்லை.

"பதினொரு தடவை கூப்பிட்டேன்" என்றான். "ஆஸ்பத்திரியில உங்க போனை வாங்கி மத்தவங்களுக்குத் தகவல் சொல்லிக்கிட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? அதுல எடுக்காத அழைப்பு ஏழுன்னு காட்டிச்சு. புதுசா ஏழு. மிச்சம் நாலை யாரோ ஏற்கெனவே பார்த்திருக்காங்க. பெட்டகத்துக்குள்ள இருந்த போனை யாரு பார்த்தது? மூணு வருஷமா இதை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். சொல்லு, நீயே சொல்லு."

இவ்வளவு நாள் மரியாதையாகப் பேசியவன் சட்டென்று நீ என்று இறங்கியதும் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். எழுந்து கத்தியிருப்பாள். அவனைப் பற்றிச் சொல்ல அவளிடம் மூன்று வருடச் சரக்கு இருந்தது. ஆனால் அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

"இடைவேளையில எடுத்துப் பார்த்தேன்" என்றாள், மைக்கைப் பார்த்துக்கொண்டே. "நாலு தடவை கூப்பிட்டிருந்தே. அதுக்கு முந்தின நாள்தான் நமக்குள்ள சண்டை. மறுபடி சண்டை போடத்தான் நீ கூப்பிடறேன்னு நினைச்சேன். திருப்பி வச்சுட்டு உள்ளே போயிட்டேன். எடுத்திருந்தா அம்மாவைப் பார்த்திருப்பேன்."

அப்புறம் அவன் எழுந்து வந்தான். அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினான்.

"அதை அழிச்சுடு" என்றாள் அவள்.

"மாட்டேன்."

"தப்பித்தவறிக் கம்பெனிக்குப் போயிடும்."

"போகாது. இந்த ஒண்ணு எனக்கு." அவள் சொன்ன பகுதியை மட்டும் வெட்டித் தனியாக எடுத்து வைத்தான். ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தான். அவள் குரலைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணி மூன்றரை. இன்னும் பத்து வரி இருந்தது. அவன் திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். உட்காரும்போது, "சீக்கிரம் முடி. முடிச்சுட்டு உன் பெட்டிக்கு ஒரு ஃபேனை வாங்கு. அந்தச் சத்தத்துல மனுஷன் இருக்க முடியல" என்றான்.

"நீ வாயை மூடு. பதியணும்" என்றாள் அக்கா.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் முப்பத்தொன்றாம் வரியை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.